ஒயரை மடித்துவிட்டுப் போனவனுக்கு

என் அருமை மாப்பிள்ளை தங்கராசு,

நீ கடிதம் படிக்கிற ஆள் இல்லை. இன்சூரன்ஸ் காகிதம் வந்தால்கூடப் பிரிக்காமல் என் தையல் மிஷின் மேல் போட்டுவிட்டு, என்னவென்று பார்த்துச் சொல் மச்சான் என்று போய்விடுவாய். அப்படிப்பட்டவனுக்கு நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன் என்றால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். ஒரு வருஷமாக உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

இதை வேறு நாலு பேரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே நான் திரும்பச் சொன்னால் குறுக்கே பேசாதே. இருந்த காலத்தில் ஒரு பேச்சையாவது என்னை முழுதாக முடிக்க விட்டிருக்கிறாயா? இப்போதாவது விடு.

முதலில் ஊர்ச் சேதி. நாமக்கல் சேலம் ரோட்டில் நம் பட்டறை வரிசை அப்படியேதான் இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டுகிற சத்தம் குறையவில்லை. என் குஷன் கடையில் சீட்டுக்கு ரெக்சின் தைக்கும் வேலையும் வந்துகொண்டுதான் இருக்கிறது, முழங்கால்தான் வரமாட்டேன் என்கிறது. பக்கத்தில் உன் எலக்ட்ரிகல் கடையை ராசிபுரத்துக்காரர் முருகேசு எடுத்திருக்கிறார். நல்ல மனுஷன். லாரியில் கோளாறு என்றால் முதலில் லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கிறார் மாப்பிள்ளை. நீ காதை வைத்துக் கேட்டே கண்டுபிடிப்பாய் என்று சொன்னேன், மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை.

உன் சம்சாரம், தங்கச்சி சரசு நன்றாக இருக்கிறாள். உன் மகள் கோயமுத்தூரில் வேலைக்குப் போகிறாள். மாதம் ஒரு தடவை வந்து அம்மாவைச் சண்டை போட்டுச் சாப்பிட வைத்துவிட்டுப் போகிறாள்.

இப்போது அந்த அட்டைப்பெட்டிக்கு வருகிறேன்.

நம் இரண்டு கடைக்கும் நடுவில் லாரி பேட்டரி வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்று இருக்குமே, அதை ஆரம்பித்து வைத்தது யார், நீயா நானா? எனக்கே மறந்துவிட்டது. லாரி ஓனர்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் படிக்கப் போனதும் பரணில் கிடக்கும் பொம்மைகளை டிரைவர்கள் கொண்டுவந்து அதில் போடுவார்கள். பாதிக்கு மேல் உடைசல்தான். கை போன கரடி, சக்கரம் போன கார், கண் மூடாத பொம்மை. நல்லதாக இருந்தால் பரணில் ஏன் கிடக்கப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் நமக்கு அதுதான் வேலை. துணிப் பொம்மைகள் என் பங்கு. சீட்டில் மிஞ்சிய ஃபோமைத் திணித்து, கோணி ஊசியால் தைத்துவிடுவேன். லாரி சீட்டு மாதிரியே கெட்டியாக உட்காரும் அந்தக் கரடிகள். பேட்டரி போட்டு ஓடுகிறது, பாடுகிறது, குரைக்கிறது எல்லாம் உன் பங்கு. ஒரு சாக்கு நிறைந்ததும் உன் மொபெட்டில் கட்டிக்கொண்டு கோழிப்பண்ணைகளுக்குப் போவாய். அங்கே தங்கி வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாய்.

நான் இரண்டு தடவைதான் கூட வந்தேன். கோழி எச்ச வாடை எனக்குக் குமட்டியது. ஆம்லெட் மட்டும் எப்படி மச்சான் இறங்குகிறது என்று கேட்டாய். கேட்டில் வாட்ச்மேன் கோழிக்கு நோய் வந்துவிடும் என்று பொம்மைச் சாக்குக்கும் சேர்த்து மருந்தடித்தாரே, அதைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது.

அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நீ ஏன் ஒரே பண்ணைக்கு இரண்டாம் தடவை போகமாட்டாய்? ஒரு மாதம் சேந்தமங்கலம் பக்கம், அடுத்த மாதம் பரமத்தி வேலூர் போகிற வழி, அதற்கடுத்து எங்கேயோ ராசிபுரம் தாண்டி. பக்கத்திலேயே பண்ணை இருக்க, பெட்ரோலைப் போட்டுக்கொண்டு இவன் ஏன் அலைகிறான் என்று நினைப்பேன். கேட்டால், ஊர் சுத்துனாத்தான் உடம்புக்கு நல்லது என்பாய்.

இன்னொரு சந்தேகம் உன் சட்டைப் பையைப் பற்றி. காக்கிச் சட்டையின் மேல்பையில் எப்போதும் இரண்டு சின்ன செல் கிடக்கும். கடிகாரத்தில் போடுவோமே அந்த அளவு. குனியும்போதெல்லாம் விழும், எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொள்வாய். செல்லுக்கு ஏஜென்சி எடுத்திருக்கியாடா என்று நான் கேலி செய்யாத நாள் உண்டா?

ரிவர்ஸ் ஹார்ன் லாரியையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பத்து வருஷம் இருக்குமா? கைநீளப் பிளாஸ்டிக் லாரி ஒன்று வந்தது. அதற்குச் சத்தம் செத்துப்போயிருந்தது. நீ என்ன செய்தாய்? வண்டி பின்னால் எடுக்கும்போது பாட்டுப் பாடுமே, அந்த ரிவர்ஸ் ஹார்னின் சின்னச் சர்க்யூட்டை அதற்குள் வைத்து மூடிவிட்டாய். பொம்மையைப் பின்னால் இழுத்தால் நிஜ லாரி மாதிரி பாடியது. சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணையில் விக்னேசு என்ற ஐந்து வயசுப் பயலிடம் அதைக் கொடுத்தாயாம். அவன் அன்று முழுக்கப் பின்னாலேயே நடந்து, முட்டை அட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான் என்று வந்து சொன்னாய். மூன்று நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அதற்கப்புறம் நீ பொம்மைக்குள் எந்த விளையாட்டும் காட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, நீ மூடி வைத்த பொம்மையில் செல் போட்டுப் பார்த்ததும் இல்லை.

போன வருஷம் நீ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சரசு கடையைக் காலி செய்யச் சொன்னாள். உன் மேஜைக்கு அடியில் ஒரு சாக்கு. உள்ளே ஒன்பது பொம்மைகள், துடைத்து, ஸ்குரூ முடுக்கி, புதுசு மாதிரி. செல் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் ஓடவில்லை. ஒன்பதும் ஊமை. அரைகுறையாக விட்டுவிட்டுப் போய்விட்டானே, நேரம் பத்தாமல் போய்விட்டதே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மாப்பிள்ளை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அந்தச் சாக்கு எட்டு மாதம் என் கடையில் கிடந்தது. முருகேசு வந்து பழகிய பிறகு அவரிடம் கொடுத்து, என் மாப்பிள்ளை பாதியில் விட்ட வேலை, முடித்துக் கொடுங்கள் என்றேன். அவர் ஒரு பொம்மையைக் கழற்றினார். செல்லிலிருந்து போகிற ஒயர் சுத்தமாக வெட்டியிருந்தது. வெட்டின முனையை மடித்து, சிவப்பு டேப் சுற்றியிருந்தது. இன்னொன்றைக் கழற்றினார், அதிலும் அப்படியே. ஒன்பதிலும் அப்படியே.

முருகேசு டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, பழுதான ஒயரை யாரும் இப்படி மடிக்க மாட்டாங்க. வேணும்னு நிறுத்துனாத்தான் செவப்பு டேப் சுத்தி மடிச்சு உடுவோம். அடுத்து கை வெக்கறவன் இதைத் தொடாதேன்னு அர்த்தமுங்க. சேத்தலாங்களா?"

முப்பது வருஷம் உன் பக்கத்துக் கடையில் இருந்தவன் நான். உங்கள் தொழிலில் இப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த மனுஷர் சொல்கிறார், கேட்டிருக்கலாம் இல்லையா? எனக்குத்தான் உன்னைப் பற்றி எல்லாம் தெரியுமே! எவனோ ராசிபுரத்திலிருந்து வந்து என் மாப்பிள்ளையின் மனசைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பதா என்று ஒரு கோபம். அவனுக்கு நேரம் பத்தவில்லை, அவ்வளவுதான், சேர்த்துவிடுங்கள் என்றேன்.

சேர்த்தார். நாய் குரைத்தது, ரயில் கூவியது, பொம்மை சிரித்தது. ஒன்பதும் ஒரே நேரத்தில் கத்தியதில் நீயே கடைக்குள் வந்து நிற்பது மாதிரி இருந்தது எனக்கு. ஒன்பதுக்கும் புது செல் போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, கொல்லிமலை அடிவாரத்துப் பண்ணை ஒன்றுக்குப் போனேன். வாட்ச்மேன் சாக்குக்கு மட்டுமல்ல, என் செருப்புக்கும் மருந்தடித்தார்.

வயிற்றை அமுக்கினால் சிரித்துவிட்டு ஏதோ ஒரு பாஷையில் இரண்டு வரி பேசும் பொம்மையைத் தேவி என்ற குழந்தைக்குக் கொடுத்தேன். ஆறு வயசு இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேரும் ஷெட்டில் முட்டை எடுக்கிறார்கள். பொம்மை பேசியது யாருக்கும் புரியவில்லை. தேவிக்கு மட்டும் புரிந்தது. "நீ சாப்டியான்னு கேக்குது" என்றாள். அதற்குப் பதிலும் சொன்னாள்.

உன் வேலையை முடித்துவிட்டேன் என்ற பெருமையோடு திரும்பினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, தைத்த கரடி இரண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க அதே பண்ணைக்குப் போனேன். ஒரு சத்தம் இல்லை. ரயில், கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்தது. நாய் கூரைத் தகட்டின் மேல் கிடந்தது. தேவி வீட்டு வாசலில் பொம்மையைத் துண்டு மேல் படுக்க வைத்து, அதன் நெற்றியில் ஈரத்துணி போட்டு வைத்திருந்தாள். குரல் இழுத்து இழுத்துப் பேசி, நாலு நாளாக நின்றே போய்விட்டதாம். கடை மெயின் ரோட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே போகிறோம், போகிற அவசரத்தில் செல் வாங்குவது யாருக்கு நினைவிருக்கிறது என்றாள் அவள் அம்மா. சொல்லும்போது சங்கடப்பட்டாள். அவள் எதற்குச் சங்கடப்பட வேண்டும்?

தேவி என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். அழவில்லை. மண்ணில் புரண்டு அழுக்காகிவிட்டாய் என்று, பேச்சு நின்ற அன்றைக்குப் பொம்மையைத் திட்டினாளாம்.

"நான் திட்டுனேன். அதான் எங்கூடப் பேச மாட்டேங்குது" என்றாள்.

மாப்பிள்ளை, பழைய பொம்மை கொடுக்கிறோம், இருக்கிற குறையைச் சரிசெய்து கொடுக்கிறோம், அதைவிட வேறென்ன என்று நினைத்தவன் நான். நான் சரிசெய்து கொடுத்த பொம்மை பதினைந்தே நாளில் ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் செல் வாங்கி வந்து போட்டேன். பொம்மை சிரித்தது. தேவி சிரிக்கவில்லை.

"இனி எப்பக் கோவிச்சுக்கும்?" என்று கேட்டாள்.

அங்கிருந்து நேராகச் சரசுவிடம்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் உள்ளே போய் உன் காக்கிச் சட்டையை எடுத்து வந்தாள். துவைக்கவே இல்லையாம். மேல்பையில் இரண்டு செல்லும் அப்படியே இருந்தன. பிறகு விக்னேசு கதையின் பாக்கியைச் சொன்னாள். நாம் மூன்று நாள் சிரித்தோமே, அது பாதிக் கதைதானா?

அந்த லாரியின் செல் தீர்ந்ததும் பயல் சாப்பிடாமல் கிடந்தானாம். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் இரண்டு செல் எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிட்டு வருவாயாம். மாதக்கணக்காக! அவன் கேட்டருகில் பின்னால் நடந்தபடியே வந்து உன்னைக் கூட்டிப் போவானாம். ஒரே ஒரு ஞாயிறு நீ போகவில்லை. அடுத்த வாரம் போனபோது பழைய கோழிகளை விற்றுவிட்டுப் புதுசு விடப் போகிறார்கள், ஷெட் காலி, குடும்பமும் வேறு பண்ணைக்குப் போய்விட்டது. எந்தப் பண்ணை? ஒருவர் பரமத்தி வேலூர்ப் பக்கம் என்றாராம், ஒருவர் ராசிபுரம் பக்கம் என்றாராம்.

அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு பண்ணையா? பொம்மை கொடுக்கப் போனாயா, அவனைத் தேடிப் போனாயா?

போகாமல் விட்ட அந்த ஒரு ஞாயிறு எது என்று சரசுவிடம் கேட்டேன். அவள் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். எனக்கே நினைவு வந்தது. தீபாவளி நெருக்கம், ஞாயிறும் மளிகை மண்டிகள் திறந்திருந்தன. என் மகள் கல்யாணத்துக்கு மளிகை பேச உன்னைச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு இழுத்துப் போனேன். நீ வரவில்லை என்றாய். உன் செல் வியாபாரத்துக்கு ஒரு நாள் லீவு விட்டால் குடி முழுகிப் போய்விடாது என்று நான்தான் வண்டியில் ஏற்றினேன். அன்று முழுக்க நீ பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் கேலிதான் செய்தேன்.

"உங்ககிட்டச் சொன்னா மனசுக்கு எடுத்துக்குவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாருங்கண்ணா" என்றாள் சரசு. "அதுக்கப்பறந்தான் ஒயரை மடிக்க ஆரம்பிச்சாரு. பேசவே பேசாத பொம்மை பேச்சை நிறுத்தாதில்லீங்களா?"

பத்து வருஷம் இதை உள்ளே வைத்துக்கொண்டு, நான் ஏஜென்சி என்று கேலி செய்யும்போதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தாயே, எப்படியடா முடிந்தது? ஒரு தடவை கோபமாகத் திருப்பிக் கேட்டிருந்தால் நான் செத்தா போயிருப்பேன்? இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. விக்னேசுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். லாரியே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அவனுக்கு இந்த இரண்டு செல் எதற்கு? அவனைப் பார்த்தால் கையில் கொடுத்திருப்பாயா? கொடுத்து என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் முருகேசு கடைக்குப் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நீ பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒயரை எப்படி மடிப்பது என்று அவரிடமே கற்றுக்கொண்டேன். கோணி ஊசி பிடித்த கைக்கு அது லேசில் வரவில்லை. நாலு தடவை டேப்பை என் விரலிலேயே சுற்றிக்கொண்டேன்.

போன ஞாயிறு தேவியிடம் போனேன். மற்ற எட்டையும் வாங்கி மடித்தாயிற்று, கூரை மேல் கிடந்த நாய் உட்பட. தேவி மட்டும் பொம்மையைத் தரவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லி வாங்க எனக்கு மனசில்லை. உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். இது கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கவில்லை சாமி, உள்ளே இருக்கிற செல் தீர்ந்துவிடுகிறது, உன் பேரில் ஒரு தப்பும் இல்லை. இதை மடித்துவிட்டால் இனிப் பேசாது. ஆனால் ஒருநாள் பேசி ஒருநாள் நிறுத்துகிற வேலையும் இருக்காது. வேண்டாம் என்றால் நான் வாராவாரம் செல்லோடு வருகிறேன், ஆனால் நீங்கள் வேறு பண்ணைக்குப் போய்விட்டால் எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் பொம்மையின் முகத்தைப் பாவாடையால் துடைத்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"பேசாட்டிப் போவுது. நான் பேசுனா அதுக்குக் கேக்குமா?"

பொம்மையைக் கையில் வாங்கினேன். காதைத் தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக் காது, இரண்டு பக்கமும் பழுதில்லை.

"கேக்கும் சாமி" என்றேன்.

நான் மடித்து முடித்து ஸ்குரூ முடுக்குகிற வரைக்கும் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். வாங்கியதும் அதன் வயிற்றை அமுக்கிப் பார்க்கவில்லை. காதருகில் வாயை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே ஷெட் பக்கம் போனாள். பொம்மையின் நெற்றியில் ஈரத்துணி இல்லை.

நான் அவளிடம் சொன்னது பொய்யா மாப்பிள்ளை? வண்டியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். பொய் என்றால் இப்போது இந்தக் கடிதத்தை எதற்காக எழுதிக்கொண்டிருக்கிறேன்?

இதோ என் வாக்கு. நீ மடித்த ஒயரை இனி எவனையும் பிரிக்க விடமாட்டேன். அட்டைப்பெட்டி அதே இடத்தில் இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு, வாடை அடித்தாலும், நீ போகாத பண்ணையாகப் பார்த்துப் போவேன். போகிற இடத்திலெல்லாம் விக்னேசு என்று ஒரு பையன் உண்டா என்று கேட்பேன். உன் பையிலிருந்த அந்த இரண்டு செல்லும் இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. சரசுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். குனியும்போது விழுகின்றன, எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறேன். அவனைப் பார்த்தால் கையில் கொடுத்து, அந்த ஞாயிறு உன்னை வரவிடாமல் செய்தது நான்தான் என்று சொல்வேன்.

நீ பேசாட்டிப் போகிறது மாப்பிள்ளை. நான் பேசுவது கேட்டால் சரி.

கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமாகிப் போன உன் மச்சான்,
குஷன் கடை நல்லதம்பி